மூவாயிரம் நூல்களும் ஒரு வாசகரும்

நூல் எழுதியவர்களின் வரலாற்றை உலகம் போற்றிக் காத்து வந்திருக்கிறது. நூலை அச்சிட்டவர்களின் வரலாறும் ஓரளவுக்கு எழுதப்பட்டுள்ளது. ஆனால், கடைக்குச் சென்று, காசு கொடுத்து நூல் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, சிலவற்றைப் படித்தும் சிலவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அடுக்கியும் வைத்த வாசகரின் வரலாறு எளிதில் கிடைப்பதன்று. வாசகர் தம் தேர்வுக்குக் காரணம் எழுதி வைப்பதில்லை. எதை வாங்கினார், எதை வாங்காமல் விட்டார், எதைப் பாதியில் மூடினார் என்பன அவரோடு மறைந்துவிடுகின்றன.

இந்தக் குறையைப் போக்கும் அரிய சான்று ஒன்று இங்கிலாந்து நாட்டில் கிடைத்திருக்கிறது. இலண்டன் மாநகரில் வாழ்ந்த சாமுவேல் பீப்ஸ் என்பவர் 1660-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கி 1669-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் வரை எழுதிய நாட்குறிப்பே அது. மதுரையில் திருமலை நாயக்கர் மறைந்து ஓராண்டும், மலாக்காவைப் போர்த்துகீசியரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றி ஏறக்குறைய இருபது ஆண்டுகளும் கடந்திருந்த காலம் அது. அக்காலத்து வாசகர் ஒருவர் நூலை எவ்வாறு தேர்ந்தார், அவர் வீட்டில் நூல்கள் எவ்வாறு குவிந்தன, அக்குவியலை அவர் என்ன செய்தார் என்பவற்றை அந்நாட்குறிப்பு நாள் தவறாமல் காட்டுகிறது.

தையற்காரரின் மகன்

பீப்ஸ் 1633-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை தையல் தொழில் செய்தவர். மகன் புனித பவுல் பள்ளியில் பயின்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மாக்டலின் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1660-ஆம் ஆண்டு உறவினர் ஒருவரின் ஆதரவால் கடற்படை வாரியத்தில் எழுத்தர் பதவி கிடைத்தது. எழுத்தர் என்னும் பெயர் இருப்பினும் அது பொறுப்பு மிகுந்த பதவி. ஆண்டுக்கு 350 பவுன் ஊதியம்.

பட்டம் பெற்றவராயினும் அவர் எல்லாம் கற்றவர் அல்லர். கப்பலுக்கு வாங்கும் மரத்தையும் கயிற்றையும் அளந்து கணக்கிடக் கணிதம் தேவைப்பட்டது. 1662-ஆம் ஆண்டு சூலை மாதத்தில், தம் 29-ஆம் வயதில், கப்பல் அலுவலர் ஒருவரை ஆசிரியராகக் கொண்டு அவர் பெருக்கல் வாய்பாட்டை முதன்முதலாகக் கற்கத் தொடங்கினார். விடியற்காலையில் எழுந்து வாய்பாட்டை மனனம் செய்தார். கல்லூரிப் பட்டம் பெற்ற ஒருவர் நம் தொடக்கப்பள்ளி மாணவர் கற்பதைக் கற்க வெட்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. அவர் பிற்காலத்தில் நூல்களைத் தேடிய வேட்கைக்கும் இதுவே அடிப்படை எனலாம். தமக்குத் தெரியாதது எது என்பதை அவர் அறிந்திருந்தார்.

படித்துப் பிழைக்கும் புலவர் அல்லர் அவர். அலுவல் முடிந்த வேளையில் படித்தார். படகில் தேம்ஸ் ஆற்றில் செல்லும்போது படித்தார். கப்பல் தளங்களுக்கு நடந்து செல்லும் வழியிலும் கையில் நூலோடு நடந்தார். பிரான்சிஸ் பேக்கன் இலத்தீனில் எழுதிய சிறு கட்டுரை ஒன்றை அவ்வாறு நடந்தபடியே பலமுறை திரும்பத் திரும்பப் படித்தார். நாடகமும் இசையும் நண்பர் கூட்டமும் விரும்பிய அவருக்கு வாசிப்பு பல இன்பங்களுள் ஒன்றாகவே இருந்தது. அதனால்தான் அவர் வரலாறு நமக்கு நெருக்கமானதாகிறது.

பிடிக்காத நூலை மீண்டும் வாங்கியவர்

1662-ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் முழுவதும் ஒரே நூலைப் பற்றிய பேச்சாக இருந்தது. சாமுவேல் பட்லர் எழுதிய ‘ஹூடிப்ராஸ்’ என்னும் அங்கதச் செய்யுள் நூல் அது. உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்த சமயக் குழுவினரை எள்ளி நகையாடியது. மன்னராட்சி மீண்டிருந்த காலமாதலால் ஊரே அதைக் கொண்டாடியது.

பீப்ஸ் டிசம்பர் 26-ஆம் நாள் 2 ஷில்லிங் 6 பென்னி கொடுத்து அதை வாங்கினார். புரட்டிப் பார்த்ததும் பிடிக்கவில்லை. நகைச்சுவை எங்கே என்று தேடியும் அகப்படவில்லை. அன்றே, விருந்துக்குச் சென்ற இடத்தில், உடன் உண்ட ஒருவருக்கு 18 பென்னிக்கு விற்றுவிட்டார். ஒரு ஷில்லிங்குக்குப் 12 பென்னி என்பது அந்நாட்டுக் கணக்கு. ஆகவே ஒரே நாளில் ஒரு ஷில்லிங் நட்டம்.

கதை அத்துடன் முடியவில்லை. ஆறு கிழமைகள் சென்றபின், 1663-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள், அவர் அதே நூலை மீண்டும் வாங்கினார். உலகம் எல்லாம் புகழும் ஒன்று தமக்கு மட்டும் பிடிக்கவில்லையெனில் குறை தம்மிடம்தான் இருக்கவேண்டும் என்று எண்ணி, மறுபடியும் படித்துப் பார்க்கத் துணிந்தார். நவம்பர் மாதத்தில் இரண்டாம் பாகம் வெளிவந்தது. இம்முறை எச்சரிக்கையாக இருந்தார். வாங்காமல், கடையிலிருந்து இரவலாகப் பெற்றுச் சென்றார். இரண்டு மூன்று முறை படித்தும் முதற்பாகத்தின் சுவை தமக்கு எட்டவில்லை என்று குறித்துக்கொண்டார். ஆயினும் டிசம்பர் 10-ஆம் நாள் இரண்டு பாகங்களையும் காசு கொடுத்தே வாங்கினார்.

இந்நிகழ்ச்சியை வேடிக்கை என்று தள்ளிவிடலாகாது. ஒருவர் நூலைத் தேர்வதில் ஊரின் பேச்சுக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அதேவேளையில் பீப்ஸ் தம் சுவையையும் விட்டுக்கொடுக்கவில்லை. நூலை வாங்கினார்; புரியாததைப் புரிந்ததாக நடிக்கவில்லை. எல்லோரும் சிரிக்கும் இடத்தில் தமக்குச் சிரிப்பு வரவில்லை என்று தம் நாட்குறிப்பில் உண்மையாக எழுதினார். அதற்குத் தனித் துணிவு வேண்டும்.

கடையில் கழிந்த நேரம்

அந்த டிசம்பர் 10-ஆம் நாள் வாசிப்பு வரலாற்றில் நினைவில் நிறுத்தத்தக்க நாள். இலண்டன் புனித பவுல் தேவாலயத்தைச் சூழ்ந்த வளாகம் அக்காலத்தில் நூல் வணிகர்களின் இருப்பிடமாக விளங்கியது. பீப்ஸ் வழக்கமாகச் செல்லும் கடை ஜோஷுவா கிர்ட்டன் என்பவருடையது. அன்று அலுவலக எழுதுபொருள் கணக்கின் வழியாக அவர் கையில் இரண்டு மூன்று பவுன் சேர்ந்திருந்தது. பொதுப்பணக் கணக்கில் தமக்கு ஆதாயம் தேடிக்கொள்வது அக்கால அலுவலர் பலரிடம் இருந்த வழக்கம். வழக்கம் என்பதனால் அது நேர்மையாகிவிடாது.

பணத்தோடு கடையில் அமர்ந்தவர் இரண்டு மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. இருபது நூல்களை எடுத்துவரச் செய்து பார்த்தார். சாசரின் கவிதைகள், டக்டேல் எழுதிய புனித பவுல் தேவாலய வரலாறு, ஸ்டோ எழுதிய இலண்டன் நகர வரலாறு, ஷேக்ஸ்பியர், பென் ஜான்சன், போமான்ட் ஆகியோரின் நாடகங்கள் எல்லாம் அவர் முன் வந்தன. எதை எடுப்பது, எதை விடுப்பது என்று தெரியாமல் திகைத்தார். முடிவில் ஃபுல்லர் எழுதிய ஆங்கிலப் பெருமக்கள் வரலாறு, அரசியல் கடிதத் தொகுப்பு ஒன்று, ஒல்லாந்து நாட்டைப் பற்றிய சிறு பிரெஞ்சு நூல், மேலும் ஓரிரு சிறு நூல்கள், அவற்றோடு ‘ஹூடிப்ராஸ்’ ஆகியவற்றை வாங்கி எழுந்தார்.

இன்று உலகம் எதைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர் ஷேக்ஸ்பியர். அன்று அந்த நூல் மேசை மேலிருந்து மீண்டும் அடுக்குக்கே சென்றது. அவர் தேர்ந்தவை பயன் தருபவை அல்லது பொருளுள்ள இன்பம் தருபவை என்பது அவர் கொண்ட அளவுகோல். அலுவலில் உயர விரும்பிய முப்பது வயது மனிதருக்குப் பெருமக்கள் வரலாறும் அரசியல் கடிதங்களும் உடனடிப் பயன் தருவனவாகத் தோன்றியதில் வியப்பில்லை. நூலின் பெருமை காலத்தால் உறுதிப்படுவது. வாசகரின் தேர்வோ அன்றையத் தேவையால் அமைவது. இவ்விரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது வாசகருக்கு நீதி செய்வதாகாது. மேலும், விட்ட நூல் விட்டதாகவே இருந்துவிடுவதும் இல்லை. அடுத்த ஆண்டு சூலை மாதத்திலேயே சாசர் நூல் அவரிடம் வந்து சேர்ந்துவிட்டது. அதற்கு உலோகக் கொளுவி பொருத்தவும் ஏற்பாடு செய்தார்.

நாற்காலிகளில் ஏறிய நூல்கள்

1665-ஆம் ஆண்டு சனவரியில் இருவேறு நிகழ்ச்சிகள் நடந்தன. தம்மிடமிருந்த பழைய நூல்களை எல்லாம் ஒரே வகைக் கட்டடத்தில் காணவேண்டும் என்று விரும்பிப் பலவற்றைப் புதிதாகக் கட்டுவதற்கு ஏற்பாடு செய்தார். அதே மாதத்தில் ராபர்ட் ஹூக் எழுதிய ‘மைக்ரோகிராஃபியா’ என்னும் நுண்ணோக்கி நூல் அவர் வீட்டுக்கு வந்தது. ஈயும் தெள்ளுப்பூச்சியும் பெரிய படங்களாக வரையப்பட்டிருந்த அந்நூலை இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து படித்தார். தம் வாழ்நாளில் படித்தவற்றுள் மிக அறிவார்ந்த நூல் இதுவே என்று பாராட்டினார். அட்டையின் அழகில் மயங்கியவரும், அறிவியலின் புதுமையில் உறக்கத்தை மறந்தவரும் ஒருவரே. ஒரே மனிதரிடத்தில் இவ்விரு ஆசைகளும் குடியிருக்கும் என்பதை நூல் சேர்ப்போர் அனைவரும் அறிவர்.

இவ்வாறு வாங்கிய நூல்கள் இடம் கேட்கத் தொடங்கின. 1666-ஆம் ஆண்டு சூலை 23-ஆம் நாள் குறிப்பு இதனைத் தெளிவாகச் சொல்கிறது. நூல்கள் பெருகி, ஒன்றன்மேல் ஒன்றாக நாற்காலிகளில் கிடந்தன. அடியில் உள்ள நூல் ஒன்று வேண்டுமானால் மேலுள்ளவற்றை எல்லாம் இறக்கவேண்டும். அத்தொல்லைக்கு அஞ்சி நூலைத் திறக்காமலே விட்டுவிட நேர்ந்தது. அடுக்கு உயர உயர வாசிப்புக் குறைகிறது என்னும் உண்மையை அவர் அன்றே கண்டுகொண்டார்.

அதற்கு மாற்றாக, சிம்ப்சன் என்னும் தச்சரை அழைத்து நூல்கள் வைக்க நிலைப்பேழைகள் செய்யச் சொன்னார். ஆகஸ்டு மாதத்தில் இரண்டு பேழைகள் வந்து நின்றன. நூல்கள் அழகாக அடுக்கப்பட்டன. அந்த மகிழ்ச்சி இரண்டு கிழமைகள்கூட நிலைக்கவில்லை.

தீயும் விலையும்

1666-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் இலண்டன் பெருந்தீ மூண்டது. நான்கு நாள் எரிந்த அத்தீயில் நகரத்தின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. பீப்ஸின் வீடு தப்பியது. ஆயினும் முன்னெச்சரிக்கையாகப் பொருள்களையெல்லாம் வெளியேற்றியிருந்தார். அவை திரும்பி வந்தபோது பெரிய நூல்கள் சிலவற்றைக் காணாமல் உறக்கத்திலும் மனம் கலங்கினார்.

நூல் வணிகர்களின் நிலையோ சொல்லொணாத் துன்பமாயிற்று. கல்லால் ஆன கட்டடம் தீயைத் தாங்கும் என்று நம்பி, அவர்கள் தம் நூல்களைப் புனித பவுல் தேவாலயத்தின் கீழ்த்தளத்திலிருந்த புனித ஃபெய்த் ஆலயத்தில் அடுக்கி வைத்திருந்தனர். மேல்தளம் இடிந்து விழுந்தது, நெருப்பு உள்ளே புகுந்தது, அனைத்தும் எரிந்தன. எரிந்த நூல்களின் மதிப்பு ஒன்றரை இலட்சம் பவுன் என்று பீப்ஸ் கேள்வியுற்றார். ஏழாயிரம் எண்ணாயிரம் பவுன் சொத்து வைத்திருந்த கிர்ட்டன் ஒரே நாளில் கடனாளியானார். அடுத்த ஆண்டு, அந்தத் துயரத்திலேயே அவர் இறந்தார் என்னும் செய்தி பீப்ஸை எட்டியது. மூன்று மணி நேரம் அமர்ந்து நூல் பார்க்க இடம் தந்த அந்தக் கடையும் இல்லை, கடைக்காரரும் இல்லை.

நூல்கள் அழிந்தமையால் எஞ்சியவற்றின் விலை ஏறியது. ரைக்காட் என்பவர் துருக்கிப் பேரரசைப் பற்றி எழுதிய நூல் தீக்கு முன் 8 ஷில்லிங். தீக்குப் பின் வணிகர் கேட்டது 50 ஷில்லிங். வண்ணம் தீட்டிய சிறப்புப் படிகள் ஆறே ஆறு. அவற்றுள் மன்னருக்கும் பெருந்தலைவர்களுக்கும் நான்கு சென்றன. ஆறாம் படியை 1667-ஆம் ஆண்டு ஏப்பிரலில் 55 ஷில்லிங் கொடுத்து வாங்கியவர் பீப்ஸ். தையற்காரரின் மகன் மன்னரிடம் உள்ள நூலைத் தம் பேழையிலும் வைத்துக்கொண்டார். நூல் அறிவுக்கு மட்டுமன்றி மதிப்புக்கும் அடையாளமாவதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

எல்லை வகுத்த நூலகம்

ஆசைக்கு அளவில்லை, அறைக்கோ அளவுண்டு. 1668-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் பீப்ஸ் தமக்குத் தாமே ஒரு விதி செய்துகொண்டார். பேழைகள் கொள்ளும் அளவுக்கு மேல் நூல் வைப்பதில்லை. புதியது வந்தால் பழையது ஒன்றை யாருக்கேனும் கொடுத்துவிடுவது. நூல் சேர்ப்போர் வரலாற்றில் இது புதுமையான எண்ணம். பலர் சேர்ப்பதையே வாழ்க்கையாகக் கொண்டனர். இவரோ கழிப்பதையும் ஒரு கலையாகக் கொண்டார். ஆண்டுகள் செல்லச் செல்லப் பேழைகள் பெருகின என்பது உண்மை. ஆனால் விதி மாறவில்லை. இறுதியில் பேழைகள் பன்னிரண்டு, நூல்கள் மூவாயிரம் என எல்லை வகுத்தார்.

இதற்கிடையில் கண் நோய் அவரை வருத்தியது. பார்வை முற்றும் போய்விடுமோ என்று அஞ்சி 1669-இல் நாட்குறிப்பை நிறுத்தினார். அஞ்சியவாறு பார்வை போகவில்லை. அதற்கு முன்பே, 1668-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், தம் வீட்டுப் பணியாளனாகிய சிறுவனைக் கொண்டு ஜூலியஸ் சீசரின் வரலாற்றையும் தெக்கார்த்தின் இசை நூலையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். கண் ஒத்துழையாதபோது காது வழியாகப் படித்தார் எனலாம். பின்னர்க் கடற்படையின் செயலாளராக உயர்ந்தார். 1684 முதல் 1686 வரை அரச அறிவியல் கழகத்தின் தலைவராக இருந்தார். 1687-இல் வெளிவந்த நியூட்டனின் ‘பிரின்சிப்பியா’ நூலின் முகப்பில் அச்சிட இசைவளித்தவர் என்று பீப்ஸின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. 29-ஆம் வயதில் பெருக்கல் வாய்பாடு கற்றவரின் பெயர் அது.

அவருடைய பேழைகளில் பெருநூல்கள் மட்டும் இல்லை. தெருவில் ஒரு பென்னிக்கு விற்ற கதைச் சிறுநூல்களும், சந்தையில் பாடி விற்ற தனித்தாள் பாடல்களும் இருந்தன. ஜான் செல்டன் என்னும் அறிஞர் தொடங்கிய பாடல் தொகுப்பைப் பெற்று வளர்த்து, 1,700-க்கும் மேற்பட்ட பாடல் தாள்களை ஐந்து பெருந்தொகுதிகளாக அமைத்தார். கற்றோர் கைவிட்ட அத்தாள்களுள் பல இன்று வேறெங்கும் இல்லை.

இவ்விடத்தில் தமிழர் நினைக்கத்தக்க ஒப்புமை ஒன்று உண்டு. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் மலிவுத் தாளில் அச்சிட்டு விற்ற சிந்துகளையும் கும்மிகளையும் கற்றோர் நூலெனவே மதிக்கவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா போன்றோர் அவற்றையும் பொறுக்கிச் சேர்த்தனர். அவர் 1992-இல் மறைந்தார். அவர் சேர்த்தவை சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகமாக நின்று பயன்படுகின்றன. மக்கள் விரும்பிப் படித்ததை மக்களுக்காகக் காத்தவர்கள் எங்கும் சிலரே.

படிக்கப்படாமல் காத்திருந்த நூல்

பீப்ஸ் 1703-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் காலமானார். நூல்கள் அவர் சகோதரியின் மகனிடம் இருந்து, பின்னர் 1724-ஆம் ஆண்டு மாக்டலின் கல்லூரியைச் சேர்ந்தன. ஒரு நூலையும் கூட்டக்கூடாது. ஒரு நூலையும் குறைக்கக்கூடாது. உயரத்தின் வரிசை மாறக்கூடாது என்பன அவர் விதித்த நிபந்தனைகள். கல்லூரி தவறினால் நூலகம் டிரினிட்டி கல்லூரிக்குச் சென்றுவிடும். சிறிய நூல்கள் பெரியவற்றோடு ஒத்த உயரத்தில் நிற்க அவற்றின் அடியில் மரக்கட்டைகளை வைத்திருந்தார். அப்பேழைகளும் நூல்களும் இன்றும் அங்கே அவ்வாறே உள்ளன.

அம்மூவாயிரத்துள் ஆறு தொகுதிகளை மட்டும் நூறாண்டுக் காலம் யாரும் படிக்கவில்லை. அவையே அவருடைய நாட்குறிப்பு. ஷெல்டன் என்பவர் வகுத்த சுருக்கெழுத்தில் அவர் அவற்றை எழுதியிருந்தார். 1819-ஆம் ஆண்டு ஜான் ஸ்மித் என்னும் ஏழை மாணவரிடம் அவற்றைப் படித்து எழுதும் பணி ஒப்படைக்கப்பட்டது. அவர் மூன்றாண்டு உழைத்து முடித்தார். அந்தச் சுருக்கெழுத்தை விளக்கும் கையேடு அதே நூலகத்தின் பேழையிலேயே இருந்தது. அவர் அதை அறியாமலே உழைத்தார். 1825-இல் நாட்குறிப்பின் ஒரு பகுதி அச்சேறியது. முழுமையான பதிப்பு 1970 முதல் 1983 வரை பதினொரு தொகுதிகளாக வெளிவந்தது.

படிக்காத நூலை வீட்டில் வைத்திருப்பது வீண் என்பாருக்கு இவ்வரலாறு தக்க விடை தருகிறது. பேழையில் உறங்கிய ஆறு தொகுதிகளை யாரேனும் பயனற்றவை என்று அப்புறப்படுத்தியிருந்தால், இலண்டன் பெருந்தீயை ஒரு குடிமகன் கண்ணால் கண்டு எழுதிய சான்று உலகுக்குக் கிடைத்திராது. அதேபோல், கையேடு இருந்தும் அதைத் திறவாமையால் மூன்றாண்டு கடும் உழைப்பு வேண்டியதாயிற்று என்பதும் நினைக்கத்தக்கது. காத்து வைத்தல் ஒரு கடமை. திறந்து பார்த்தல் மற்றொரு கடமை. முன்னது இல்லையேல் பின்னதற்கு இடமில்லை. பின்னது இல்லையேல் முன்னதற்குப் பொருளில்லை.

நம் மாணவர்க்கு நூல்களைப் பரிந்துரைக்கும்போது பெருநூல்களின் பட்டியலை மட்டும் நீட்டுகிறோம். அவர்கள் தாமே தேர்ந்து, பிடிக்காததை ஒதுக்கி, ஒதுக்கியதை மீண்டும் எடுத்து, தம் சுவையைத் தாமே அறியும் வாய்ப்பை அளிப்பதில்லை. ஷேக்ஸ்பியரை ஒரு நாள் அடுக்குக்கே திருப்பி அனுப்பிய வாசகர்தாம் பிற்காலத்தில் மூவாயிரம் நூல்களைத் தேர்ந்து உலகுக்குத் தந்தார். வகுப்பறையின் மூலையில் ஒரு சிறு பேழையும், அதில் எதையும் எடுத்துப் புரட்டும் உரிமையும் மாணவர்க்கு இருக்கட்டும். எந்த நூல் எந்தக் கையால் எப்போது திறக்கப்படும் என்பதை முன்கூட்டி அறிந்தவர் எவரும் இலர்.